நெட்டூரான்குளத்தின் பதினெட்டு மேடுகள்

1924ஆம் வருஷம் ஆடி முதல் வாரம், மலைக்கு அந்தப்பக்கம் மலையாள நாட்டில் வெள்ளம் வந்து ஊர்களை வாரிக்கொண்டு போன அதே நாட்களில், மலைக்கு இந்தப்பக்கம் குற்றாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற நெட்டூரான்குளத்துக்குப் பனிக்கட்டி வந்தது. வானத்திலிருந்து விழவில்லை, மலையிலிருந்து இறங்கி வந்தது. ஆனைக்கல் ஓடை எந்த வழியாக வருமோ அதே வழியில், இரண்டு பக்கமும் மலையை உரசிக்கொண்டு, வளர்ந்த தென்னை உயரத்தில், நாளொன்றுக்கு ஒரு வயல் தூரம் என்று நாற்பத்தொரு நாள் நடந்தது. அந்த வருஷம் சாரல் நல்ல சாரல். அருவியில் குளிக்க வந்தவர்கள் ஈரத்தலையோடு வண்டி பிடித்து வந்து பார்த்தார்கள், தொட்டார்கள், குளிருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தென்காசியிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் சங்கிலி பிடித்து அளந்து, பனி மூடிய நஞ்சை புஞ்சை எல்லாவற்றையும் தரிசு என்று எழுதி வரியைத் தள்ளிக் கொடுத்தார். அதிகாரிகள் ஒரு காரியத்தை இவ்வளவு சீக்கிரம் முடித்துப் பார்த்ததில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

உயிர்ச்சேதம் ஒன்றும் இல்லை. அது வந்த வேகத்துக்கு ஆடும் மாடும் கோழியும்கூட நிதானமாக விலகிக்கொண்டன. விலகத் தெரியாதவைதான் மாட்டிக்கொண்டன: மரம், பாறை, வரப்பு, கிணற்றுச் சுவர், மேல்மண், அடிமண். வயலில் பரம்படிக்கிற பலகை சேற்றைத் தள்ளிப் போவதுபோல அத்தனையையும் தள்ளிவந்து, ஆவணி பத்தாம் தேதி வாக்கில் குளத்தங்கரையில் நின்றது. நின்ற இடத்தில் குவித்தது. சரளும் உருண்டைக் கல்லும் களிமண்ணுமாக இரண்டு ஆள் உயரத்துக்கு, வடக்கே தெற்கே நீண்ட ஒரு மேடு உண்டாயிற்று. அதில் பாதி குளத்துக்குள் சரிந்து பெண்கள் துறையின் பழைய படிக்கட்டை மூடிவிட்டது. இந்த வெயிலுக்கு ஏன் கரையவில்லை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கரையத்தான் செய்தது. முன்னால் கரைந்த அளவுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். ஏன் வந்தது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒன்றாலும் பனி ஒரு விரல்கூட நகரவில்லை.

நட்டம் என்று பார்த்தால் பெரிய நட்டம் மந்திரமூர்த்தியின் மகள் உலகம்மைக்கு. அப்போது அவளுக்குப் பதினேழு வயது, வீட்டுக்கு ஒரே பிள்ளை. இலத்தூரில் கட்டிக்கொடுத்திருந்த அத்தை குருவம்மாளின் மகன் குற்றாலிங்கத்துக்கும் அவளுக்கும் ஆவணி இருபதாம் தேதி கல்யாணம் என்று பேசி முடித்து, பந்தக்காலும் ஊன்றியாகிவிட்டது. அந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆனைக்கல் ஓடையின் தலைமாட்டில், மலையடிவாரத்தில் அவர்களுடைய குலதெய்வமான சாஸ்தா இருந்தார். கோயில் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஓலைக்கூரைக்குக் கீழே ஒரு கல். வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் தகப்பன் அங்கே போய், அந்தக் கல்லில் மஞ்சள் உரசி, இலையில் வழித்துக்கொண்டு வரவேண்டும். அந்த மஞ்சளைத் தடவிய கயிற்றில்தான் தாலி கோக்க வேண்டும். பெண்கள் ஓடைக்கரை மருதமரத்தடி வரைக்கும் போகலாம், பொங்கல் வைக்கலாம், குலவை போடலாம். அதற்கு மேலே ஆண்கள் மட்டும்தான். கல் எப்படி இருக்கும் என்பதைக்கூடப் பெண்கள் காதில் போடக்கூடாது. பங்குனி உத்திரத்துக்கு உத்திரம் ஆண்கள் மேலே போய்விட்டு வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு பொங்கல் சாப்பிடுவார்கள்.

பனிக்கட்டி இறங்கின வழியில் முதலாவதாக இருந்தது அந்த சாஸ்தாதான். நல்ல காட்டுக்குள் நடந்த காரியம் என்பதால் அதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்கப் போனபோது அங்கே தென்னை உயரத்துக்குப் பனி நின்றது. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் குருவம்மாள் இலத்தூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, பந்தக்கால் நட்டாச்சு. கல்லு பனிக்குள்ள கெடந்தா கெடந்துட்டுப் போகுது. குற்றாலநாதர் கோயில்ல ஒரு மஞ்சள வச்சு எடுத்துக் கட்டிருவோம்."

"எங்கய்யா காலத்துல இல்லாத வழக்கம் எனக்கு வேண்டாம் தாயி. பனி எத்தன நாளைக்கு நிக்கும்? தை மாசத்துல வச்சுக்கிடுவோம்."

பங்காளிகளில் மற்றவர்கள் குற்றாலநாதர் கோயிலில் மஞ்சள் வைத்து எடுத்து, அவரவர் பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஒருத்திக்கும் ஒரு குறையும் வரவில்லை. மந்திரமூர்த்தி மட்டும் தை மாசம் என்றார். அந்தத் தை வந்தது, அடுத்த தையும் வந்தது.

ஆனால் பனி விலகாமலும் இல்லை. வருஷாவருஷம் மாசியில் பின்வாங்க ஆரம்பிக்கும். சித்திரை, வைகாசி வரை ஒரு கூப்பிடு தூரம் போகும். சாரல் தொடங்கியதும் நின்றுவிடும். நின்ற இடத்தில், வயிற்றுக்குள் வைத்திருந்த சரளையும் கல்லையும் கக்கி ஒரு மேடு போடும். மறுவருஷம் இன்னும் கொஞ்சம் மேற்கே போய் இன்னொரு மேடு. இப்படி வருஷத்துக்கு ஒன்றாக மேடும், இரண்டு மேட்டுக்கு நடுவே பள்ளமும் உண்டாகிக்கொண்டு வந்தன. முன்னால் சமமாகக் கிடந்த வயல்வெளி இது என்று சொன்னால் சின்னப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஊரில் வயதைக்கூட மேட்டை வைத்துச் சொல்லும் பழக்கம் வந்தது. இவன் மூன்றாம் மேட்டில் பிறந்தவன், அவள் ஐந்தாம் மேட்டில் சமைந்தவள் என்பார்கள். ஓடைத் தண்ணீர் பால் நிறத்தில் வந்தது. பனி பாறையை அரைத்த மாவு அது. ஆரம்பத்தில் பயந்தார்கள். அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் நெல் ஒன்றுக்கு ஒன்றரையாக விளைந்த பிறகு பயம் போய்விட்டது.

பனியால் பிழைத்தவன் ஒருவன் உண்டு, வண்டிக்காரன் பரீது. பனியைக் கோடாலியால் வெட்டி, உமியில் புதைத்து, தென்காசி சர்பத் கடைகளுக்கும் செங்கோட்டை ரயிலில் போகிற மீன்கூடைகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தான். நாலாம் மேட்டில் அவன் வழக்கமாக வண்டியை அவிழ்த்துவிடும் இடத்துக்கு அடியில் ஒரு பெரிய பனித்துண்டு சரளுக்குள் புதைந்து கிடந்திருக்கிறது. அது கரையக் கரைய நிலம் இறங்கி, ஒரு வாரத்துக்குள் வண்டி ஆழத்துக்குப் போய்விட்டது. வண்டியைக் கயிறு கட்டித் தூக்கிவிட்டார்கள். பள்ளத்தில் தண்ணீர் நின்றது. அதற்குப் பரீதுகுளம் என்று பெயர். இன்னொரு வருஷம், பனிக்கு அடியில் ஓடிய ஓடை போட்ட சரள், பனி விலகியதும் பாம்பு படுத்ததுபோல வளைந்து வளைந்து வெளியே தெரிந்தது. மழைக்காலத்தில் கால் நனையாமல் நடக்க நல்ல பாதை. ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து, குளிர் தேசங்களில் ஆதிகாலத்தில் நடந்த காரியம் இது, இங்கே நடக்க நியாயமில்லை என்று சொல்லி, நாலு கல்லைப் பையில் போட்டுக்கொண்டு போனார். நியாயமில்லாத மேட்டில் ஊர்க்காரர்கள் நிலக்கடலை விதைத்தார்கள்.

பனியைப் பரீது அளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் குறைவு. 1926இல், மூன்றாம் மேடு உண்டாகிக்கொண்டிருந்தபோது, அவன் மந்திரமூர்த்தியிடம் ஒரு வார்த்தை சொன்னான்.

"அண்ணாச்சி, ஏர் பிடிக்கிறவருக்கு நான் சொல்லணுமா? முதல்ல எதைத் தள்ளுச்சோ அது முதல் மேட்டுலதான் கெடக்கும். மேல பாத்துக்கிட்டு நிக்கதுக்குக் கீழ ஒருநா தோண்டிப் பாருங்களேன்."

"சாஸ்தா என்ன சுரைக்காயா, தள்ளுனா உருளதுக்கு? அவரு இருந்த எடத்துலதான் இருப்பாரு. பனிதான் விலகணும்" என்றார் மந்திரமூர்த்தி. சுற்றி நின்றவர்கள் அதுதானே என்றார்கள். சாமி நகரும் என்று நினைக்கவே அவர்களுக்கு நாக்கூசியது. ஆனதால் அந்த ஊர் ஆண்கள் அத்தனை பேரும் வருஷக்கணக்காக மேற்கே பார்த்து நின்றார்கள்.

இதற்கிடையில் பெண்கள் துறையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பனி முதல் தடவை பின்வாங்கிய 1925 பங்குனியில், படிக்கட்டு போய்விட்டதால் பெண்கள் சேற்றில் வழுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். ஆண்களிடம் சொன்னால் ஆகட்டும் பார்ப்போம் என்பார்கள். முப்பிடாதி என்கிற பக்கத்து வீட்டுக்காரி, உலகம்மை, இன்னும் இரண்டு பேர் சேர்ந்து, முதல் மேட்டின் சரிவில் மண்ணுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பட்டைக் கல்லைக் கடப்பாரையால் நெம்பி, உருட்டி, தண்ணீர் ஓரத்தில் படுக்கப் போட்டார்கள். இடுப்பளவு நீளம். ஒரு பக்கம் வழவழவென்று மஞ்சள் உரசத் தோதாக இருந்தது. ஓரத்தில் வரிசையாகச் சின்னக் குழிகள் இருந்தன. ஒருத்திக்கு ஒரு குழி என்று பிரித்துக்கொண்டு, அவரவர் மஞ்சளையும் சீயக்காயையும் அதில் வைத்துவிட்டு வருவார்கள். உலகம்மைக்கு மூன்றாவது குழி. கடைசிக் குழி முப்பிடாதிக்கு. அது பிளந்து கிடந்ததால் அவள் மஞ்சள் அடிக்கடி தண்ணீரில் விழும், அவளும் அடிக்கடி திட்டுவாள். அக்கினி நட்சத்திரத்தில்கூட அந்தக் கல் ஜில்லென்றுதான் இருக்கும். பனியில் கிடந்த கல் அப்படித்தான் இருக்கும் என்று யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பெண்கள் துறைப்பக்கம் ஆண்கள் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள். முதல் மேடு நடுவில் மறைவாக இருந்தது இன்னும் வசதியாகப் போயிற்று.

உலகம்மை காத்திருந்தாள் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். காத்திருப்பவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். அவள் பனி விட்டுப்போன நிலத்தில் கல் பொறுக்கினாள், பள்ளத்தில் வரப்புப் போட்டாள், பால்தண்ணீரைத் திருப்பி விட்டாள். பனி உள்ளுக்குள் முறிகிற சத்தத்தைக் கேட்டு அந்த வருஷம் அது எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லுவாள், சொன்னது தப்பாது. அவளோடு பிறந்தவர்கள் இல்லாததால், எனக்கு வழிவிடு என்று பின்னாலிருந்து சொல்லவும் ஆள் இல்லை. அதுவே ஒரு வகையில் அவளுக்குக் கேடாகப் போயிற்று. தங்கை ஒருத்தி இருந்திருந்தால் மந்திரமூர்த்தியின் பிடிவாதம் ஏதாவது ஒரு மேட்டில் இளகியிருக்கும். அவர் கெட்டவர் இல்லை. மகள் படுகிற பாட்டைப் பார்த்து அவர் அழுததை முப்பிடாதியே கண்டிருக்கிறாள். ஆனாலும் அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேற்கே பார்ப்பார்.

குற்றாலிங்கம் ஒவ்வொரு உத்திரத்துக்கும் இலத்தூரிலிருந்து தேங்காயோடு வந்தான். மாமனும் மருமகனுமாகப் பனியின் விளிம்பில் நின்று, சாஸ்தா இருக்கிற திசையைப் பார்த்து உடைத்துவிட்டு வருவார்கள். அவனுக்கு வேறு பெண் எடுக்கத் தடையே கிடையாது, அவனுடைய சாஸ்தா வேறு, அவர் வெயிலில் சுகமாக இருந்தார். ஏழாம் மேட்டு வருஷம் பாவூர்சத்திரத்தில் ஒரு பெண் பார்த்தார்கள். வேண்டாம் என்றான். பதினோராம் மேட்டு வருஷம் இன்னொன்று. அதற்கும் வேண்டாம் என்றான். அவனுக்குக் காதோரம் நரைத்தது. உலகம்மைக்கு முன் தலையில் நாலைந்து முடி வெளுத்தது. இரண்டு பேரும் சேர்ந்து நின்று பேசியது பதினேழு வருஷத்தில் மொத்தம் அரை நாள்கூட இருக்காது.

1942 மாசியில் குருவம்மாள் படுத்த படுக்கையானாள். சண்டைக்காலம், மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. சாகிறதுக்கு முன்னால் மகனுக்கு ஒரு விளக்கேற்ற ஆள் வரவேண்டும் என்று அவள் ராயகிரியில் ஒரு பெண்ணைப் பேசச் சொல்லிவிட்டாள். குற்றாலிங்கம் நடந்தே நெட்டூரான்குளம் வந்தான். பன்னிரண்டாம் மேட்டில் கடலைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்த உலகம்மையிடம் வந்து நின்றான்.

"உலகு, அம்மைக்கு இனி தாங்காது. ராயகிரில ஒரு பொண்ணு சொல்லியிருக்காவ. உத்திரத்துக்குள்ள பனி விலகி, மாமா மஞ்சள் கொண்டாந்தா நம்ம கல்யாணம். இல்லைன்னா..."

"இல்லைன்னா என்ன? சொல்லுங்க அத்தான்."

"நீயே சொல்லிரு. நீ சொல்லுததக் கேட்டுக்கிடுதேன்."

"இம்புட்டு நாளும் அடுத்தவுக சொன்னதத்தான் நான் கேட்டுக்கிட்டிருந்தேன். இப்ப நான் சொல்லுததக் கேக்கவும் ஒரு ஆளு வந்தாச்சாக்கும்" என்றாள் அவள். பிறகு மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு மேற்கே கையைக் காட்டினாள். "இன்னும் ஒரு மேட்டு தூரத்துக்குத்தான் பனி இருக்கு. உத்திரத்துக்கு அஞ்சு நாளைக்கு முன்ன போயிரும். அதுவரைக்கும் ராயகிரிக்காரவளுக்கு வாக்குக் குடுக்காதிய."

அவள் சொன்னபடியே நடந்தது. கடைசிப் பனி ஒரு வீட்டளவு இருந்து, ஒரு மாட்டளவாகி, ஒரு பானையளவாகி, உத்திரத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது காலை வெயிலில் ஒரு சத்தமும் இல்லாமல் முடிந்துபோனது. மருதமரம் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் அது நின்ற இடம் பெண்களுக்குத் தெரியும். உலகம்மையும் முப்பிடாதியும் அந்த இடத்தில் நின்றுகொண்டார்கள். மந்திரமூர்த்தி குளித்து, திருநீறு பூசி, மடியில் மஞ்சளோடு குற்றாலிங்கத்தையும் கூட்டிக்கொண்டு மேலே போனார். அவருக்கு அறுபத்தாறு வயது. அன்று அவர் ஏறிய வேகத்துக்குக் குற்றாலிங்கத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை.

போன வேகத்தில் திரும்பவில்லை. வெயில் உச்சிக்கு வரும்போதுதான் வந்தார்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு. மகளுக்கு முன்னால் வந்ததும் மந்திரமூர்த்தி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணுமில்லட்டி. பாறைய வழிச்சு வச்சிருக்கு. சீப்பு வச்சு இழுத்தாப்ல கோடு கோடா கெடக்கு. எங்கய்யா கும்பிட்ட எடம், அவருக்கு ஐயா கும்பிட்ட எடம், ஒரு பொடிக்கல்லு இல்ல. என் பிள்ளைய இப்படி உக்காத்தி வச்சிட்டேனே." மடியிலிருந்த மஞ்சளை எடுத்துப் பார்த்தார், திரும்ப மடியிலேயே வைத்தார். பாறைக் கோடுகள் எல்லாம் கிழக்கே குளத்தைப் பார்த்துத்தான் போட்டிருந்தன. அதை அவரும் பார்த்தார், குற்றாலிங்கமும் பார்த்தான். பார்த்தும் அவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

குற்றாலிங்கம் கேவிக்கேவி அழுதான். கொஞ்ச நேரம் கழித்து மந்திரமூர்த்தி, யாரிடம் சொல்கிறோம் என்கிற நினைவுகூட இல்லாமல், அந்த வீட்டில் எந்தப் பெண்ணும் கேட்டிராத பேச்சை ஆரம்பித்தார்.

"இனி மறைச்சு என்ன ஆவப்போகுது. முகம் கெடையாதுட்டி அவருக்கு. இடுப்பு உயரத்துக்கு ஒரு பட்டைக் கல்லு. ஓரத்துல வெளக்கு வைக்க ஏழு குழி. ஏழாவது குழி பிளந்திருக்கும், எங்க தாத்தா காலத்துல இடி விழுந்து..."

முப்பிடாதியின் கை அவள் வாய்க்குப் போனது. உலகம்மை குனிந்து, தகப்பனின் கையைப் பிடித்தாள்.

"எந்திரிங்க, எப்பா."

"எங்கட்டி?"

"எந்திரிச்சு வாங்க."

பதினெட்டாம் மேட்டிலிருந்து அவரை இறக்கிக்கொண்டு போனாள். மேடு ஏறி, பள்ளம் இறங்கி, அடுத்த மேடு ஏறி என்று போகிற வழி அது. பன்னிரண்டாம் மேட்டில், அத்தான் வந்து நின்றபோது அவள் மண்வெட்டியைக் கீழே போட்ட இடம். பதினொன்றில், இரண்டாவது பெண்ணையும் அத்தான் வேண்டாம் என்றதாக முப்பிடாதி வந்து சொன்ன இடம். ஒன்பதில் அவள் தனியாளாக உருட்டி வரப்பில் வைத்த பாறை. ஏழில் அவளைப் பெற்றவளை எரித்த வருஷம். நாலில் பரீதுகுளம். பரீது அங்கே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான், இவர்கள் போகிற போக்கைப் பார்த்து மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று, இரண்டு. பத்தொன்பது வயது, பதினெட்டு வயது. முதல் மேட்டில் ஏறியதும் மந்திரமூர்த்தியும் குற்றாலிங்கமும் தாமாகவே நின்றுவிட்டார்கள். கீழே பெண்கள் துறை. ஆட்கள் குளிக்கிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் பழக்கதோஷத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

உலகம்மை மட்டும் இறங்கிப் போனாள். கொஞ்சம் கரையேறுங்க என்றாள். ஆம்பிளைக்கு இங்கன என்ன வேலை என்று கீழேயிருந்து ஒரு குரல் சண்டைக்கு வந்தது. முப்பிடாதி அந்தக் குரலின் காதில் என்னவோ சொன்னாள். குரல் அடங்கிவிட்டது. பெண்கள் ஈரச்சேலையைச் சுற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். அவர்களில் சிலர் அதற்குள் கல்லைப் பார்த்துக் கையெடுத்துவிட்டார்கள்.

மந்திரமூர்த்தி இறங்கி வந்து, முழங்கால் தண்ணீரில் நின்று, கல்லின் ஓரத்தைத் தடவினார். ஒன்று, இரண்டு. மூன்றாவதில் பாதி தேய்ந்த ஒரு மஞ்சள் இருந்தது. நாலு, ஐந்து, ஆறு. ஏழாவதில் விரல் பிளவுக்குள் இறங்கியது. உச்சி வெயிலில் கல் ஜில்லென்றிருந்தது.

"யாரு இத இங்கன போட்டது?"

"நாங்க நாலு பேருதான் அண்ணாச்சி" என்றாள் முப்பிடாதி. "வழுக்குதுன்னு சொன்னப்ப நீங்க ஒரு ஆளு வரலியே."

"பொம்பளையாளுக நின்னு குளிக்கிற எடமாச்சே. தீட்டுல்லா? எத்தன வருஷமா... நான் அவருக்கு என்ன பதில் சொல்ல?" என்று தகப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் உலகம்மைக்குக் கோபம் வந்தது. அவள் வாழ்நாளில் தகப்பனிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான் என்று எல்லாரும் சொல்லுகிறார்கள்.

"அவருக்கு அப்புறம் பதில் சொல்லுங்க. முதல்ல எனக்குச் சொல்லுங்க. நீங்க ஒருநா இதுல மஞ்சள் உரசணும்னுதான என்னைய உக்காத்தி வச்சிய? பதினேழு வருஷமா தெனம் இதுலதான் உரசி முகத்துல பூசியிருக்கேன். கல்லத் தொட்டது நாங்க, அடையாளம் தெரிஞ்சது உங்களுக்கு. ஏழு குழின்னு ஒரு வார்த்த, எங்கிட்ட சொல்லியிருந்தா, அந்தத் தை மாசத்துக்கு அடுத்த தையிலயே நான் போயிருப்பேம்லா."

மந்திரமூர்த்தி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாள்தோறும் மஞ்சள் பூசிப் பூசி அது பொன் நிறமாக இருந்ததை அவர் அன்றுதான் கவனித்திருக்க வேண்டும். பிறகு, தம் மடியில் இருந்த மஞ்சளை எடுக்காமல், மூன்றாவது குழியில் இருந்த அவளுடைய மஞ்சளை எடுத்தார். கல்லில் உரசினார். வழித்து வைக்க இலை கொண்டுவரவில்லை. தம் உள்ளங்கையிலேயே வழித்து, கையை அப்படியே ஏந்திக்கொண்டு, மேடு ஏறி வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் அவர் கண்ணீரும் அந்தக் கையில் விழுந்தது. அதைத் தடவிய கயிற்றில்தான் தாலி கோத்தார்கள்.

உத்திரத்தன்று கல்யாணம் நடந்தது. குருவம்மாளைக் கட்டிலோடு வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பார்த்துவிட்டு, மேலும் ஒன்பது மாதம் இருந்து செத்தாள். ராயகிரிப் பெண்ணுக்கு ஒரு போலீஸ்காரர் மாப்பிள்ளையாக வாய்த்தார். முப்பத்துநாலு வயதில் உலகம்மை மணவறையில் உட்கார்ந்தாள். போன வருஷங்கள் மேடாக ஊரைச் சுற்றிக் கிடந்தன, எல்லாரும் அதில் ஏறி இறங்கித்தான் கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள்.

சாஸ்தாவைத் திரும்ப மேலே கொண்டுபோய் வைப்பதா என்று பேச்சு எழுந்தது. பரீது வண்டியும் மாடும் கொடுப்பதாகச் சொன்னான். பெண்கள் சம்மதிக்கவில்லை. அவராக இறங்கி வந்தார், நாங்கள்தான் இடம் கொடுத்தோம், எங்களுக்குக் குளிக்கக் கல் வேண்டும் என்றார்கள். கல் அங்கேயே இருக்கிறது. இறங்கிவந்த சாஸ்தா என்று பெயர். இன்னும் ஜில்லென்றுதான் இருக்கிறது. மேடுகளில் கடலையும், பள்ளங்களில் நெல்லும் வருஷம் தவறாமல் விளைகின்றன. ஓடைத் தண்ணீர் பிறகு தெளிந்துவிட்டது.

பங்குனி உத்திரத்தன்று ஆண்கள் தேங்காய் பழத்தோடு வந்து முதல் மேட்டில் நிற்பார்கள். பெண்கள் குளித்து முடித்து, குரல் கொடுத்த பிறகுதான் இறங்கலாம். அதுதான் இப்போது கட்டுப்பாடு. உலகம்மை இலத்தூரிலிருந்து விடியும்போதே வண்டியில் வந்துவிடுவாள். கல்யாணத்துக்கு மறுவருஷம் பிறந்த குழல்வாய்மொழி என்கிற மகளையும் கூட்டி வருவாள். மேட்டில் வெயில் ஏறும். மந்திரமூர்த்தி எழுபது வயதுக்கு மேல் தடியை ஊன்றிக்கொண்டு, ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் மற்றவர்களுக்கு முன்னால் நிற்பார். கீழே, எல்லாரும் கரையேறிய பிறகும், உலகம்மை மகளின் விரலைப் பிடித்துக் கல்லின் ஓரத்தில் ஒவ்வொரு குழியாக வைத்து எண்ணச் சொல்லிக் கொடுப்பாள். பிள்ளை சத்தமாக எண்ணும். ஏழு வந்ததும், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணச் சொல்லுவாள்.